ஆகாய மார்க்கத்தில் தூரமும் காலமும்

ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குப் புறப்படுகிறவர் முதலில் கேட்பது எவ்வளவு தூரம் என்பது. அடுத்துக் கேட்பது எவ்வளவு நேரமாகும் என்பது. நிலவழிப் பிரயாணத்தில் இவ்விரண்டும் ஏறக்குறைய ஒரே கேள்வியாகவே இருந்து வந்தன. தூரம் தெரிந்துவிட்டால் வண்டியின் வேகத்தைக் கொண்டு நேரத்தைச் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை நம் மனத்தில் ஆழப் பதிந்திருக்கிறது. அந்த நம்பிக்கையை ஆகாய மார்க்கத்துக்கும் அப்படியே கொண்டு போகும்போதுதான் குழப்பம் உண்டாகிறது. லண்டன் நகரத்து ஹீத்ரோ விமான நிலையத்துக்கும் நியூயார்க் நகரத்துக் கென்னடி விமான நிலையத்துக்கும் இடைப்பட்ட தூரம் சுமார் 5,550 கிலோமீட்டர். போகும்போதும் வரும்போதும் அது மாறுவதில்லை. ஆயினும் லண்டனிலிருந்து மேற்கே செல்லும் விமானத்துக்கு அட்டவணையில் ஏறக்குறைய எட்டு மணி நேரமும், அங்கிருந்து கிழக்கே திரும்பும் விமானத்துக்கு ஏறக்குறைய ஏழு மணி நேரமும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. ஒரே தூரம், ஒரே விமானம், அதே ஆகாயம். காலம் மாத்திரம் இரண்டாக நிற்கிறது.

இந்த வேற்றுமைக்குக் காரணம் எது என்று ஆராயப் புகுந்தால், வான சாஸ்திரமும் கணிதமும் தொடங்கி, உலோகத்தின் உறுதி, எண்ணெயின் விலை, ராஜ்யங்களின் பகை நட்பு வரையில் பல விஷயங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. தூரம் என்பது பூமியின் வடிவத்தைப் பொறுத்த ஒரு நிலையான அளவு. காலமோ இயற்கையும் யந்திரமும் மனிதர் செய்துகொண்ட ஏற்பாடுகளும் ஒன்றுகூடி அன்றன்றைக்குத் தீர்மானிக்கும் ஒரு முடிவு. இக்கருத்தை லண்டன்–நியூயார்க் வழியை முதன்மை உதாரணமாகக் கொண்டும், வேண்டிய இடங்களில் வேறு வழிகளைச் சேர்த்துக்கொண்டும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தூரத்தை அளக்கும் முறை

பூகோளப் படத்தை விரித்து, லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் ஒரு நேர்கோடு இழுத்தால், அக்கோடு அட்லாண்டிக் சமுத்திரத்தின் நடுவே சற்றுத் தெற்கு நோக்கிச் சரிந்து செல்லும். 1569-ஆம் ஆண்டில் மெர்கேட்டர் வகுத்த படமுறையில், அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு திசைகாட்டியை மாற்றாமலே ஒரு மாலுமி கரை சேரலாம். அதுவே அப்படத்தின் பெருமை. ஆனால் திசை மாறாத வழி குறுகிய வழியாக இருப்பதில்லை. பூமி உருண்டை வடிவமானது. உருண்டையின் மேல் இரண்டு இடங்களுக்கு இடையே மிகக் குறுகிய வழி, பூமியின் மையத்தை ஊடுருவிச் செல்லும் ஒரு தளம் அதன் மேற்பரப்பை வெட்டுகிற பெருவட்டத்தின் ஒரு வில்லேயாகும்.

இதை அறிவதற்குக் கணிதம்கூட வேண்டியதில்லை. மேஜை மேல் வைக்கும் பூகோள உருண்டை ஒன்றை எடுத்து, ஒரு நூலின் ஒரு முனையை லண்டனிலும் மறுமுனையை நியூயார்க்கிலும் வைத்து இறுக்கிப் பிடித்தால் போதும். நியூயார்க் லண்டனைவிடப் பத்துப் பாகைக்கு மேல் தெற்கே இருந்தும், அந்த நூல் லண்டனிலிருந்து வடமேற்காகவே புறப்படும். அயர்லாந்தைக் கடந்து, நடுச் சமுத்திரத்தில் 53 பாகைக்கும் வடக்கே ஏறி, அதன் பிறகே மெல்லத் தெற்கே வளைந்து, நியூபௌண்ட்லாந்து, நோவா ஸ்கோஷியா, பாஸ்டன் ஆகிய இடங்களை ஒட்டி நியூயார்க்கை அடையும். திசை மாறாத வழியோ 5,760 கிலோமீட்டர் அளவுக்கு நீண்டுவிடும்; பெருவட்ட வழியைப் பிடிப்பதால் இருநூறு கிலோமீட்டர் மிச்சமாகிறது. இந்த வழியின் ஓரத்திலேயே நியூபௌண்ட்லாந்துத் தீவில் காண்டர் என்ற விமான நிலையம் அமைந்திருப்பது தற்செயலன்று. ஒரே மூச்சில் சமுத்திரத்தைக் கடக்க இயலாத காலத்து விமானங்கள் எண்ணெய் நிரப்பிக்கொள்ள அந்த இடமே உகந்ததாக இருந்தது. 1927-ஆம் ஆண்டு மே மாதம் நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்குத் தன்னந்தனியாகப் பறந்த லிண்ட்பெர்க், புறப்படுவதற்கு முன்பே தம் வழியை நூறு நூறு மைல் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் முடிவிலும் திசையை எவ்வளவு மாற்ற வேண்டும் என்று கணித்து வைத்திருந்தார். வளைந்த பூமியின் மேல் குறுகிய வழியில் செல்ல விரும்புகிறவர் திசையை இடைவிடாது மாற்றிக்கொண்டே போக வேண்டும் என்ற உண்மைக்கு அது நல்ல உதாரணம்.

இன்னும் நுட்பமாகப் பார்த்தால் பூமி சரியான உருண்டையும் அன்று. பூமத்திய ரேகையில் அதன் ஆரம் சுமார் 6,378 கிலோமீட்டர். துருவங்களில் சுமார் 6,357 கிலோமீட்டர். இந்த இருபத்தொரு கிலோமீட்டர் வேற்றுமையையும் கணக்கில் சேர்க்கும் முறைகள் இன்று வழக்கில் உள்ளன. ஆனால் லண்டன்–நியூயார்க் தூரத்தை உருண்டைக் கணக்கில் பார்த்தாலும், தட்டையான உருண்டைக் கணக்கில் பார்த்தாலும், வேற்றுமை பதினைந்து கிலோமீட்டருக்கு உட்பட்டதே. ஜெட் விமானத்துக்கு அது ஒரு நிமிஷப் பிரயாணம். ஆகவே தூரத்தைப் பொறுத்த வரையில் நமக்குச் சந்தேகம் சிறிதும் இல்லை. கணிதம் தன் கடமையை முழுமையாகச் செய்து முடித்துவிட்டது. சிக்கல் எல்லாம் இனிமேல்தான் தொடங்குகிறது.

காற்றின் பங்கு

கிழக்கும் மேற்கும் வெவ்வேறு காலம் பிடிப்பதைக் கேள்விப்படுகிறவர்களில் பலர், பூமி தன் அச்சில் சுழல்வதே அதற்குக் காரணம் என்று எண்ணுகிறார்கள். பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதால், மேற்கே செல்லும் விமானத்தை எதிர்கொண்டு ஊரே வந்து சேர வேண்டும் என்பது அவர்கள் வாதம். அந்த வாதம் சரியானால் மேற்கே செல்வதற்கே நேரம் குறைய வேண்டும். அனுபவமோ அதற்கு நேர்மாறாக இருக்கிறது. ஓடும் ரயிலுக்குள் பந்தை மேலே எறிந்தால் எறிந்தவன் கையிலேயே அது திரும்ப விழுவதுபோல, பூமியோடு சேர்ந்து அதன் வாயுமண்டலமும் சுழல்வதால், அந்த வாயுவிலே மிதக்கும் விமானத்துக்குப் பூமியின் சுழற்சி நேராக ஒரு லாபமும் தருவதில்லை, நஷ்டமும் தருவதில்லை. ஆனால் சுழற்சி மறைமுகமாக ஒரு பெரிய காரியம் செய்கிறது. பூமத்திய ரேகைப் பக்கத்து உஷ்ணக் காற்று துருவங்களை நோக்கி நகரும்போது, இந்தச் சுழற்சியால் கிழக்கே திருப்பப்பட்டு, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பாயும் ஒடுங்கிய பெருங்காற்றாக மாறுகிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்று இன்று எல்லோரும் அழைக்கும் காற்று அதுவே. சில காலங்களில் அதன் வேகம் மணிக்கு முந்நூறு கிலோமீட்டரையும் தாண்டும்.

இந்தக் காற்றைக் கண்டறிந்த வரலாறு சிந்திக்கத் தக்கது. ஜப்பானில் தடேனோ என்ற இடத்து வானிலை ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்த வாசாபுரோ ஓயிஷி, 1920-களில் சிறு பலூன்களை மேலே விட்டு, தொலைநோக்கியால் அவற்றைத் தொடர்ந்து கவனித்து, உயரத்தில் மிகக் கடுமையான மேற்குக் காற்று வீசுவதை அளந்து வைத்தார். தம் முடிவுகளை உலகம் முழுவதும் படிக்கட்டும் என்ற நல்லெண்ணத்தோடு எஸ்பெராந்தோ மொழியில் வெளியிட்டார்; ஆயினும் மேல்நாட்டார் பெரும்பாலும் அதைக் கவனிக்கவில்லை. 1944-ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பான் மேல் உயரத்தில் பறந்த அமெரிக்க பி-29 விமானங்கள் எதிர்பாராத காற்றில் அகப்பட்டுத் திணறிய பிறகே, அந்தக் காற்றின் வலிமை உலகத்துக்கு நன்றாக விளங்கிற்று.

காற்று காலத்தை மாற்றும் விதத்தை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். காற்றே இல்லாத ஆகாயத்தில் மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால் 5,550 கிலோமீட்டரை 6 மணி 10 நிமிஷத்தில் கடக்கலாம். போகவும் வரவும் 12 மணி 20 நிமிஷம். இப்போது வழி நெடுக மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் மேற்குக் காற்று வீசுவதாக வைத்துக்கொள்வோம். கிழக்கே வரும் விமானம் தரையைப் பொறுத்து 1,000 கிலோமீட்டர் வேகம் பெற்று 5 மணி 33 நிமிஷத்தில் வந்துவிடும். மேற்கே போகும் விமானம் 800 கிலோமீட்டர் வேகத்துக்குக் குறைந்து 6 மணி 56 நிமிஷம் பிடிக்கும். இரண்டையும் கூட்டினால் 12 மணி 29 நிமிஷம். அதாவது காற்று ஒரு திசையில் கொடுப்பதைவிட மறு திசையில் எடுப்பது அதிகம். வேகத்தை இழக்கும் திசையில் செலவாகும் நேரம் நீண்டது என்பதால் இந்த நஷ்டம் தவிர்க்க முடியாதது. காற்று வலுக்க வலுக்க அதுவும் வளர்ந்துகொண்டே போகும்.

இந்தக் காரணத்தால் மிகக் குறுகிய வழியே மிக விரைவான வழி என்று கொள்ள முடியாமல் போகிறது. காற்று வீசும் வெளியில் மிகக் குறைந்த நேரத்தில் ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்துக்கு எப்படிச் செல்வது என்பதை ஜெர்மானியக் கணித மேதை எர்ன்ஸ்ட் செர்மெலோ 1931-ஆம் ஆண்டில் ஒரு தனிப் பிரச்னையாக எடுத்து ஆராய்ந்தார். அட்லாண்டிக் ஆகாயத்தில் அந்தப் பிரச்னை இன்று நாள்தோறும் தீர்க்கப்படுகிறது. ஐரோப்பாவிலிருந்து பகலில் மேற்கே செல்லும் விமானங்களுக்குரிய வழிகளை ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக் நிலையமும், அமெரிக்காவிலிருந்து இரவில் கிழக்கே வரும் விமானங்களுக்குரிய வழிகளைக் கனடாவின் காண்டர் நிலையமும் அன்றன்றைய காற்றின் நிலையைப் பார்த்து வகுத்து அறிவிக்கின்றன. கிழக்கே வருகிறவை ஜெட் ஸ்ட்ரீமைத் தேடிச் செல்லும். மேற்கே போகிறவை அதைத் தவிர்த்து, சில நாட்களில் கிரீன்லாந்துப் பக்கம் வரையிலும் வடக்கே ஒதுங்கிச் செல்லும். ஒரே இரு நிலையங்களுக்கு நடுவே நேற்றைய வழி இன்றைய வழியாக இருப்பதில்லை.

காற்றின் உதவி எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதற்கு 2020-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒரு சான்று கிடைத்தது. கியாரா என்று பெயரிடப்பட்ட புயலின் காற்றைத் துணையாகக் கொண்டு, பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிஷத்தில் வந்து சேர்ந்தது. தரையைப் பொறுத்து அதன் வேகம் ஒரு கட்டத்தில் மணிக்கு 1,300 கிலோமீட்டருக்கு மேல் சென்றது; ஆனால் சுற்றியுள்ள காற்றைப் பொறுத்து அது ஒலியின் வேகத்தை எட்டவே இல்லை. வருங்காலத்தைப் பற்றியும் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. ரெடிங் சர்வகலாசாலையைச் சேர்ந்த பால் வில்லியம்ஸ், இதே ஹீத்ரோ–கென்னடி வழியை எடுத்துக்கொண்டு 2016-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், வாயுமண்டலத்தில் கரியமில வாயு இரு மடங்கானால் ஜெட் ஸ்ட்ரீம் வலுத்து, கிழக்கே வரும் நேரம் குறைந்தும் மேற்கே போகும் நேரம் அதைவிட அதிகமாகக் கூடியும் போகும் என்று கண்டார். போகவும் வரவுமான மொத்தக் காலம் நீளும். எண்ணெய்ச் செலவும் கூடும். மனிதன் எரித்த எண்ணெய் வானத்தை மாற்ற, மாறிய வானம் இன்னும் எண்ணெயை எரிக்கச் செய்கிறது என்ற இந்த நிலை மிகவும் கவலை தருவதாகும்.

யந்திரமும் எரிபொருளும்

விமான சாஸ்திரம் வளர வளர வேகமும் வளர்ந்திருக்க வேண்டும் என்றே எவரும் நினைப்பர். முதல் நாற்பது ஆண்டுகளின் சரித்திரம் அந்த எண்ணத்துக்கு இடங்கொடுக்கிறது. 1919-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அல்காக், பிரௌன் என்ற இருவர் நியூபௌண்ட்லாந்திலிருந்து அயர்லாந்துக்கு, இடையில் எங்கும் இறங்காமல், பதினாறு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகப் பறந்தனர். 1929-ஆம் ஆண்டு மார்ச் 30 அன்று இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனம் லண்டனுக்குத் தெற்கே உள்ள குராய்டனிலிருந்து கராச்சிக்குத் தொடங்கிய சேவை ஏழு நாள் பிடித்தது. அதிலும் பாஸலிலிருந்து ஜெனோவா வரையில் பிரயாணிகள் ரயிலில் ஏறிச் செல்ல வேண்டியிருந்தது. அந்தச் சேவையில் கராச்சிக்கு வந்த தபாலே 1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-இல் ஜே. ஆர். டி. டாடா ஓட்டிய சிறு விமானத்தில் ஆமதாபாத் வழியாகப் பம்பாய்க்கு வந்து, அங்கிருந்து நெவில் வின்சென்ட் ஓட்டப் பல்லாரி வழியாகச் சென்னையை எட்டியது. அந்நாளில் பறக்கும் நேரத்தைவிட இறங்கி, எண்ணெய் நிரப்பி, இரவு தங்கிக் கழித்த நேரமே பெரிது.

1958-ஆம் ஆண்டு அக்டோபர் 4 அன்று கோமெட் ஜெட் விமானம் லண்டன்–நியூயார்க் சேவையைத் தொடங்கியபோது, மேற்கே சென்றது காண்டரில் இறங்கி எண்ணெய் நிரப்பிப் பத்து மணிக்கு மேல் எடுத்துக்கொண்டது. கிழக்கே வந்ததோ ஆறு மணியும் சில நிமிஷங்களும் மட்டுமே எடுத்துக்கொண்டது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இன்று கிழக்கே வரும் விமானம் ஆகாயத்தில் செலவிடும் நேரம் ஏறக்குறைய அதுவேயாகும். இந்த நீண்ட காலத்தில் விமானங்கள் பருத்தன, சத்தம் குறைந்தன, இடைவிடாமல் உலகத்தின் பாதியைக் கடக்கும் ஆற்றல் பெற்றன. வேகம் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது.

அதற்குக் காரணம் ஒலியின் வேகமே. பதினொரு கிலோமீட்டர் உயரத்தில், பூஜ்யத்துக்குக் கீழே 56 டிகிரி குளிரில், ஒலி மணிக்குச் சுமார் 1,060 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. விமானம் அந்த வேகத்தை நெருங்க நெருங்கக் காற்றின் தடை திடீரென்று பன்மடங்காகப் பெருகுகிறது. ஆகையால் நீண்டதூர விமானங்கள் ஒலியின் வேகத்தில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு, அதாவது மணிக்கு ஏறக்குறைய 900 கிலோமீட்டர் என்ற அளவோடு நின்றுகொள்கின்றன. அந்த அரணை உடைத்த கான்கார்ட் விமானம் ஒலியைப் போல் இரு மடங்கு வேகத்தில், பதினெட்டுக் கிலோமீட்டர் உயரத்தில் பறந்தது. 1996-ஆம் ஆண்டு பிப்ரவரி 7-இல் அது நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 2 மணி 52 நிமிஷம் 59 விநாடியில் வந்தது. மேற்கே செல்லும்போது, லண்டனில் புறப்பட்ட கடிகார நேரத்துக்கு முன்பே நியூயார்க்கின் கடிகார நேரத்தில் அது இறங்கிவிடும். சூரியனையே முந்திச் செல்லும் பிரயாணம் அது. ஆனால் எண்ணெய்ச் செலவு மிகுதி, நிலத்தின் மேல் செல்லும்போது எழும் அதிர்வொலி பொறுக்க முடியாதது, கட்டணமோ சாமானியர் எட்ட முடியாதது. 2003-ஆம் ஆண்டு அக்டோபரில் அந்தச் சேவை நின்றது. மூன்று மணியில் கடக்க முடியும் என்று தெரிந்த தூரத்தை எட்டு மணியில் கடப்பதே போதும் என்று உலகம் தீர்மானித்துக்கொண்டது. அறிவு குறைந்ததால் அல்ல, பொருளாதாரம் அவ்வாறு விதித்ததால்.

இதே பொருளாதாரம் ஒவ்வொரு பிரயாணத்திலும் மறைவாக இருந்து வேலை செய்கிறது. எண்ணெயின் விலை ஒரு பக்கம், விமானிகளின் சம்பளமும் யந்திரத்தின் தேய்மானமும் மறுபக்கம் வைத்து, எந்த வேகத்தில் பறந்தால் மொத்தச் செலவு குறையும் என்று விமான நிறுவனம் கணக்கிட்டு, அந்த எண்ணை விமானத்தின் கணிப்பொறியில் இடச் செய்கிறது. எண்ணெய் விலை ஏறினால் விமானம் சற்று மெதுவாகப் பறக்கும். தாமதமாகி, தொடர்விமானம் பிடிக்க வேண்டியவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தால் சற்று விரைந்து பறக்கும். பிரயாணி அறியாமலே அவன் காலம் ரூபாய் அணா பைசாவோடு சேர்த்து நிறுக்கப்படுகிறது.

யந்திரத்தின் நம்பகமும் வழியின் நீளத்தை மாற்றுவதுண்டு. இரண்டு எஞ்சின் கொண்ட விமானத்தில் ஒன்று நின்றுபோனால் மற்றொன்றைக் கொண்டு பக்கத்து நிலையத்தில் இறங்க வேண்டும். ஆகவே அத்தகைய விமானங்கள் எப்போதும் ஏதேனும் ஒரு நிலையத்துக்கு ஒரு மணி நேரப் பறப்புக்குள்ளேயே செல்ல வேண்டும் என்று அமெரிக்காவில் 1953-இல் விதி ஏற்பட்டது. சமுத்திரத்தின் நடுவே செல்லும் நேர்வழி இதனால் அவற்றுக்கு மூடப்பட்டு, கரையையும் தீவுகளையும் ஒட்டி வளைந்து செல்ல நேர்ந்தது. எஞ்சின்கள் நம்பத்தக்கவையாக ஆக ஆக, 1985-இல் அந்த எல்லை இரண்டு மணி நேரமாயிற்று. பிறகு இன்னும் விரிந்தது. இவ்வாறு ஒரு சட்டத்தின் எழுத்து மாறியதால் வழி குறுகியது. பூமி அப்படியே இருக்க, ஆகாயத் தூரம் மட்டும் சுருங்கிற்று என்று சொல்லலாம்.

ராஜ்யங்களின் எல்லை

ஆகாயத்துக்கு வேலி இல்லை என்று கவிகள் பாடலாம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1944-ஆம் ஆண்டு சிகாகோ நகரில் உருவான உடன்படிக்கையின் முதல் விதியே, ஒவ்வொரு ராஜ்யத்துக்கும் தன் நிலத்தின் மேல் உள்ள ஆகாயத்தில் முழுமையான, தனிப்பட்ட ஆதிபத்தியம் உண்டு என்று கூறுகிறது. பிறருடைய ஆகாயத்தின் வழியே பறப்பது அனுமதி பெற்று, கட்டணமும் கொடுத்துச் செய்ய வேண்டிய காரியம். அனுமதி மறுக்கப்பட்டால் பெருவட்ட வழி வெறும் கணக்காக நின்றுவிடும்.

இதற்கு ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ செல்லும் வழியைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. இடைத்தூரம் சுமார் 7,800 கிலோமீட்டர். நேர்வழி சைபீரியாவின் மேல் செல்கிறது. சோவியத் ராஜ்யம் தன் ஆகாயத்தை மூடி வைத்திருந்த காலத்தில் ஐரோப்பிய விமானங்கள் வடதுருவப் பக்கம் சுற்றி, அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி எண்ணெய் நிரப்பி ஜப்பான் சென்றன. 1957-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஸ்காண்டினேவிய நிறுவனம் கோபன்ஹேகனிலிருந்து அந்த வழியைத் தொடங்கியது. 1983-இல் பின்லாந்தின் பின்ஏர் நிறுவனம் ஹெல்சிங்கியிலிருந்து வடதுருவத்தைச் சுற்றிக்கொண்டு, எங்கும் இறங்காமலே சுமார் பதின்மூன்று மணி நேரத்தில் டோக்கியோவை அடைந்து அரிய சாதனை புரிந்தது. பிறகு ராஜ்யங்களின் உறவு இளகிற்று. சைபீரிய வழி திறந்தது. அதே பிரயாணம் ஒன்பதரை மணி நேரத்துக்குச் சுருங்கிற்று. அந்தச் சுருக்கத்தை நம்பியே ஹெல்சிங்கி நகரம் ஐரோப்பாவுக்கும் கீழ்த்திசைக்கும் நடுவாசலாகத் தன்னை அமைத்துக்கொண்டது. 2022-ஆம் ஆண்டு பிப்ரவரியில் உக்ரேனில் போர் மூண்டு ருஷ்ய ஆகாயம் மீண்டும் மூடப்பட்டதும், விமானங்கள் பழையபடி துருவத்தைச் சுற்றத் தொடங்கின. காலமும் பழைய பதின்மூன்று மணி நேரத்துக்கே திரும்பியது. நாற்பது ஆண்டுகளில் யந்திர சாஸ்திரம் செய்த முன்னேற்றம் அத்தனையும் ஓர் அரசியல் முடிவின் முன்னே பயனற்றுப் போனது என்பதைக் காட்டுவதற்கு இந்த ஒரு வழியே போதும்.

நம் நாட்டிலும் அந்த அனுபவம் உண்டு. 2019-ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியிலிருந்து ஜூலை நடுவரையில் பாகிஸ்தான் தன் ஆகாயத்தைப் பெரும்பாலும் மூடியபோது, டில்லியிலிருந்து மேற்கே செல்லும் விமானங்கள் அரபிக் கடல் பக்கம் சுற்றிச் செல்ல நேர்ந்தது. அமெரிக்கா செல்லும் சில விமானங்கள் வழியில் எண்ணெய்க்காக இறங்கவும் வேண்டியதாயிற்று. இயற்கையே விதிக்கும் தடையும் உண்டு. விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்துபோனால் உடனே மூவாயிரம் மீட்டர் உயரத்துக்கு இறங்க வேண்டும். திபெத்துப் பீடபூமியோ சராசரி நாலாயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரத்துக்கும் மேலானது. இறங்குவதற்கு இடமே இல்லாத அந்தப் பிரதேசத்தைப் பெரும்பாலான வழிகள் ஒதுக்கிச் செல்கின்றன.

அட்டவணைக் காலம்

இதுகாறும் சொன்னவை ஆகாயத்தில் கழியும் நேரத்தைப் பற்றியவை. அட்டவணையில் அச்சாகும் நேரமோ விமானம் நிறுத்தத்திலிருந்து நகரத் தொடங்குவது முதல் மறு நிலையத்தின் நிறுத்தத்தில் வந்து நிற்பது வரையில் கணக்கிடப்படுவது. ஓடுபாதை வரையில் ஊர்ந்து செல்வதும், முன் நிற்கும் விமானங்களுக்குப் பின்னால் வரிசையில் காத்திருப்பதும், ஏறுவதும், இறங்குவதும் அதில் அடங்கும். ஹீத்ரோவுக்கு வரும் விமானங்கள் இடம் கிடைக்கும் வரையில் போவிங்டன், லாம்போர்ன், ஒக்கம், பிக்கின் ஹில் ஆகிய நான்கு இடங்களின் மேல் அடுக்கடுக்காக வட்டமிடுகின்றன. லண்டன் நகரத்தைச் சன்னல் வழியே பார்த்துக்கொண்டே பிரயாணி சில சமயம் பதினைந்து இருபது நிமிஷம் ஆகாயத்தில் சுற்றிவர நேரும். தூரத்தோடு சம்பந்தமே இல்லாத நேரம் அது.

குறுகிய வழிகளில் இந்தப் பகுதி மிகப் பெரிதாகத் தெரியும். சென்னைக்கும் மதுரைக்கும் ஆகாயத் தூரம் சுமார் 415 கிலோமீட்டர். முழு வேகத்தில் அரை மணியில் கடக்க வேண்டியதாயினும், அட்டவணை ஒரு மணிக்கு மேல் ஒதுக்குகிறது. ஏறி உயரம் பிடிப்பதற்குள்ளாகவே இறங்கும் நேரம் வந்துவிடுகிறது. இதன் எல்லையை ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் காணலாம். வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்ற இரு தீவுகளுக்கு நடுவே 2.7 கிலோமீட்டர் தூரத்தை லோகன்ஏர் நிறுவனத்தின் சிறு விமானம் அட்டவணைப்படி இரண்டு நிமிஷத்தில் கடக்கிறது. மறு கோடியில் சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் நடுவே சுமார் 15,350 கிலோமீட்டரை இடைவிடாது பறந்து செல்லும் விமானம் பதினெட்டு மணிக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. தூரத்தை வேகத்தால் வகுத்து அரை மணியைக் கூட்டிச் சொல்லும் பொதுச் சூத்திரம் இவ்விரு கோடிகளுக்கும் நடுவே ஓரளவு பொருந்துமே தவிர, எந்த ஒரு வழிக்கும் முழு உண்மையாகாது.

அட்டவணைக் காலத்தில் மற்றொரு விஷயமும் கலந்திருக்கிறது. விமானங்கள் குறித்த நேரத்துக்கு வந்து சேர்கின்றனவா என்பதை அமெரிக்க அரசாங்கம் 1987 முதல் நிறுவனந்தோறும் கணக்கெடுத்து வெளியிடுகிறது. குறித்த நேரத்துக்குப் பின் பதினைந்து நிமிஷத்துக்குள் வந்தால் அது தாமதமாகாது. தாமதமென்ற பெயர் வராமலிருக்க, குறிக்கும் நேரத்தையே சற்று நீட்டி வைத்துக்கொள்வது நிறுவனங்களின் வழக்கமாயிற்று. ஓடுபாதைகளும் ஆகாய வழிகளும் நெரிசலாகிவிட்ட இக்காலத்தில் அந்த நீட்டிப்புக்கு ஓரளவு நியாயமும் உண்டு. ஆனால் அதனால் ஒரு விளைவு ஏற்படுகிறது. அட்டவணை எண் பிரயாணத்தின் இயல்பான காலத்தைக் காட்டாமல், நிறுவனம் தனக்குத் தானே விதித்துக்கொண்ட கெடுவைக் காட்டத் தொடங்குகிறது. முன்கூட்டியே வந்துவிட்டோம் என்று விமானி அறிவிக்கும்போது பிரயாணிகள் மகிழ்கிறார்கள். வந்த நேரம் பெரும்பாலும் வர வேண்டிய நேரமே.

இவற்றால் பெறப்படுவது

இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே தூரம் எவ்வளவு என்ற கேள்விக்கு ஒரே விடை உண்டு. அதை நூலும் உருண்டையும் கொண்டு ஒரு சிறுவனும், கணிதம் கொண்டு ஒரு நிபுணனும் சொல்லிவிடலாம். எவ்வளவு நேரம் என்ற கேள்விக்கோ எத்திசையில், எந்தப் பருவத்தில், எந்த விமானத்தில், யார் யாருடைய ஆகாயத்தின் வழியே, எங்கிருந்து எதுவரை அளந்து என்ற ஐந்து கேள்விகளைத் திருப்பிக் கேட்ட பிறகே விடை சொல்ல முடியும். இவற்றில் திசையும் பருவமும் காற்றுக்கு உரியவை. மனிதன் அவற்றுக்கு இசைந்து நடக்கலாமே தவிர அவற்றைத் தன் விருப்பப்படி மாற்ற இயலாது. மற்றவையெல்லாம் மனிதர் செய்துகொண்ட ஏற்பாடுகள்.

இந்த வேற்றுமையை நாம் மறவாதிருப்பது அவசியம். கான்கார்டின் மூன்று மணி நேரத்தை விட்டு எட்டு மணி நேரத்துக்குத் திரும்பியது உலகம் தெரிந்து செய்த தேர்வு. அதிலே வருந்தத்தக்கது ஒன்றுமில்லை. எண்ணெயை மிச்சப்படுத்த வேண்டிய இக்காலத்தில் அது விவேகமான தேர்வென்றே கூறலாம். ஒன்பதரை மணிப் பிரயாணம் பதின்மூன்று மணியாக நீண்டது அத்தகையதன்று. போரும் பகையும் நிலத்தில் மட்டும் தங்களுக்குரிய விலையை வாங்கிக்கொள்வதில்லை. சம்பந்தமில்லாத பல லக்ஷம் பிரயாணிகளிடமிருந்து அவர்கள் வாழ்நாளின் மணி நேரங்களையும், எல்லோருக்கும் பொதுவான வாயுமண்டலத்திலிருந்து அதன் தூய்மையையும் வாங்கிக்கொள்கின்றன. விமானங்களை இன்னும் விரைவாக்குவதற்கு ஆகும் பொருளையும் உழைப்பையும்விட, மூடிய ஆகாயங்களைத் திறக்கும் ராஜதந்திரமே அதிக நேரத்தை மீட்டுத் தரும் என்பது ஹெல்சிங்கி வழியின் சரித்திரம் நமக்குத் தரும் பாடம். ஆகவே பிரயாண காலத்தைக் குறைக்க விரும்புகிற தேசங்கள் தங்கள் பொறியியல் கூடங்களை நாடுவதற்கு முன்பு, அண்டை நாட்டோடு தாங்கள் கொண்டுள்ள உறவைச் சீர்செய்துகொள்வதே முறையான முதற்படி.